பக்கம் நாற்பத்தொன்று

கேட்டது ஒரே கேள்விதான்:
தேர்தலை இணையத்தில் நடத்துவது
இந்த நாட்டுக்கு ஆகுமா, ஆகாதா?
அதற்குப் பதினான்கு மாதம் தந்தார்கள்.
ஸ்கார்வொய் துறைமுகத்தில்
பனி வழிக்கும் வண்டிகள் நிற்கும் கொட்டகைக்கு மேலே
ஓர் அறை தந்தார்கள்.
காபிக்குத் தனிக் கணக்கு.

குழுவில் ஐந்து பேர்.
குறிப்பெடுப்பது என் வேலை.

முதல் சாட்சி பேரன்ட்ஸ் கடலிலிருந்து பேசினார்.
இழுவைக் கப்பலின் இயந்திர அறையில் தோர்கில்.
"பன்னிரண்டு வருடமாகத் தேர்தல் நாளில் நான் கரையில் இல்லை.
வரி மட்டும் எங்கிருந்தாலும் என்னைக் கண்டுபிடித்து..."
மீதியைக் கடல் விழுங்கிவிட்டது.
எழுதிக்கொண்டேன்:
சாட்சி பேசுகையில் இணைப்பு அறுந்தது.

பிறகு ஒரு மாதிரித் தேர்தல்.
தீவுப் படகுக்கு என்ன வண்ணம் அடிக்கலாம்?
சிவப்பு, நீலம்,
அல்லது இப்போதிருக்கும் அழுக்கு வெள்ளை.
அறுநூற்று முப்பத்திரண்டு பேர்
அவரவர் வீட்டிலிருந்து வாக்களித்தார்கள்.
சிவப்பு வென்றது.

பூட்டை உடைக்கவென்றே கூலிக்கு அமர்த்திய யூருன்
மறுநாள் காலை வந்தாள்.
ஈரக் கையுறைகளை ஹீட்டர்மேல் காயப்போட்டுவிட்டு,
"வென்றது நீலம்" என்றாள்.
எத்தனை வாக்கை மாற்றினாய் என்று கேட்டோம்.
"எனக்குத் தெரியும்.
உங்களுக்குத் தெரிகிறதா, அதுதானே சோதனை?"

ஒரு வாரம் பதிவுகளைத் தோண்டினோம்.
எல்லாம் சுத்தம்.
துடைத்த கண்ணாடியின் சுத்தமா,
பொய் சொல்லிப் பழகிய முகத்தின் சுத்தமா,
பிரித்தறிய வழியில்லை.
கூலியை வாங்கிக்கொண்டு போனாள், கடைசிவரை சொல்லவில்லை.
தூக்கம் வராத இரவுகளில் எனக்குத் தோன்றும்:
அவள் எதையும் தொட்டிருக்கவே மாட்டாள்.
அந்த இரண்டு சொல்தான்
அவள் உள்ளே விட்ட கிருமி.

கணிதக்காரர் எய்லிவ் மூன்று கரும்பலகை நிறைய எழுதி
இரண்டரையை அழித்தார்.
மிஞ்சியது இது:
என் வாக்கு எண்ணப்பட்டதை நான் அறிய வேண்டும்.
அது யாருக்கு விழுந்தது என்பதை
நானே விரும்பினாலும்
இன்னொருவருக்கு நிரூபிக்க முடியக் கூடாது.
காகிதத்துக்கு இது யாரும் சொல்லித் தராத பாடம்,
மடித்ததும் ஊமையாகிவிடும்.
கணினி அப்படியில்லை.
மறந்துவிடு என்றால்
மறந்த நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளும்.

பியானோவுக்குச் சுருதி கூட்டும் குன்வோர்
பிறவியிலேயே பார்வையற்றவர்.
மாதிரித் தேர்தலில் அவர் எடுத்துக்கொண்டது
நான்கு நிமிடம், பதினோரு விநாடி.
"இத்தனை காலம் என் ரகசியத்தை
இன்னொருத்தர் காதில்தான் போட்டுவந்தேன்.
இந்தத் தடவை தப்பாக அழுத்தியிருந்தால்
அது முழுக்க என்னுடைய தப்பு."
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
சிரித்ததைக் குறிப்பில் எப்படி எழுதுவது?
எழுதினேன். தலைவி ஃப்ரேய்திஸ் அடித்துவிட்டார்.

பெயரில்லாத ஒரு கடிதமும் வந்தது,
நான்காக மடித்து, பென்சிலில்.
"எங்கள் வீட்டில் ஒரே மடிக்கணினி.
அதன் கடவுச்சொல் அவருடையது.
வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் மட்டும்தான்
அவரால் என்னோடு வர முடியாது.
அந்த ஒரு முழத் துணியையும்
எடுத்துவிடாதீர்கள்."

அச்சகம் பக்கம் பிரித்தபோது
குன்வோரும் அந்தக் கடிதமும்
நாற்பத்தொன்றில் அடுத்தடுத்து விழுந்தார்கள்.
யாரும் திட்டமிடவில்லை.
மெய்ப்பில் அதைப் பார்த்தபின்
அன்று நான் வேறெதையும் திருத்தவில்லை.

பரிந்துரை எழுதும் நாள்.
ஆகும் என்பவர் பேசினார், ஆகாது என்பவர் பேசினார்,
சொன்னதையே திரும்பச் சொன்னார்கள்.
கடைசியில் ஃப்ரேய்திஸ்
ஒரு தாளை ஐந்தாகக் கிழித்தார்.
எய்லிவின் கம்பளிக் குல்லாய்தான் பெட்டி.

ஆகும், இரண்டு.
ஆகாது, இரண்டு.
ஒன்றில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டாலும் சொல்லமாட்டேன்,
சொன்னாலும் என்னால் நிரூபிக்க முடியாது.

மேலும் ஆய்வு தேவை என்று முடித்து
ஆறு மணிப் படகில் வீடு திரும்பினேன்.
அழுக்கு வெள்ளைப் படகு.
துருவின் ஓரத்தில் யாரோ
ஒரு கையளவுக்குச் சிவப்பு பூசிப் பார்த்திருந்தார்கள்.